ஃபைட்டர் சாப்பிடவில்லை, வால் ஓரம் கறுத்துப் பிய்கிறது. எந்த மருந்து போடலாம்?

கீழக்கரை_நீலவால்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு ஆண் ஃபைட்டர் மீன் இருக்கிறது, அரைநிலா வால், நல்ல கருநீலம். மதுரையில் ஒரு கடையில் வாங்கியது. மழை ஆரம்பித்ததிலிருந்து ஆள் சரியில்லை. வால் ஓரம் கறுத்து நூல் நூலாகப் பிரிந்து நிற்கிறது, ஒரு இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடும் தெரிகிறது. தீவனத்தை வாயில் வாங்கித் துப்பிவிடுகிறது. பெரும்பாலும் அடியில்தான் படுத்திருக்கிறது, நடுநடுவே மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டுத் திரும்பக் கீழே போய்விடுகிறது. நாலு லிட்டர் கண்ணாடிக் கிண்ணம், ஃபில்டர் கிடையாது, வாரம் ஒரு முறை முழுத் தண்ணீரையும் மாற்றுகிறேன். பக்கத்துக் கடையில் கேட்டதற்கு நீல மருந்து ஒரு பாட்டிலும் மஞ்சள் கேப்சூல் ஒரு அட்டையும் கொடுத்து இரண்டையும் சேர்த்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிடலாமா? பிள்ளைகள் ரொம்பப் பிரியமாக வளர்ப்பது, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

பாம்பன்_வாடைக்காற்று:
தம்பி, இரண்டையும் இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள், கிண்ணத்தில் ஊற்றுவது எந்தத் தண்ணீர்? வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பின்னால் கேட்டிருப்பேன், நம் கடற்கரைப் பக்கம் இதுதான் முதல் கேள்வி. ஒரே வீட்டில் போர் தண்ணீர் உண்டு, காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் குழாய் உண்டு, அது வராத நாளில் டேங்கர் லாரி, குடிக்கக் கேன். நாலும் நாலு விதம். போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம், குண்டானில் வெள்ளையாகப் படிகிறதே அதுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மழைக்காலத்தில் ஊரில் காய்ச்சல் பேச்சு கிளம்பிவிட்டால் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் ஒரு கை கூடுதலாகவே விழும். கேன் தண்ணீரில் தாது உப்பு ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று முழுவதையும் கொட்டி மாற்றினால், மீன் தன் உடம்புக்குள் இருக்கும் உப்புச் சமநிலையை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்தச் சோர்வில்தான் நோய் பிடிக்கிறது. நோயை உண்டாக்கும் பாக்டீரியா எப்போதும் தண்ணீரில் இருக்கிறது, தெம்பாக இருக்கும் மீனை அது ஒன்றும் செய்வதில்லை.

ஃபைட்டர் தாய்லாந்து வயல்களிலும் சதுப்பிலும் மெதுவாக ஓடும் வாய்க்காலிலும் வாழ்கிற மீன். 2019-இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அங்கே தண்ணீர் ஆழமில்லாமல், சூடாக, மென்மையாக இருக்கும். நம் போர் தண்ணீர் அதற்கு நேர் எதிர்.

மேலே வந்து காற்று விழுங்குவதற்குப் பயப்படாதீர்கள். செவுளுக்கு மேலே லாபிரிந்த் என்ற உறுப்பு இருக்கிறது, அதை வைத்து நேராகக் காற்றைச் சுவாசிக்கும், அது அதன் இயல்பு. ஆனால் மேலேயே நின்று ஓயாமல் வாயடித்துக்கொண்டிருந்தால், செவுள் மூடி திறந்து உள்ளே இரத்தச் சிவப்பாகத் தெரிந்தால், அது வேறு சேதி.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை மேலிருந்து சாய்வாக அடித்து, முதுகையும் செவுள் மூடியையும் பாருங்கள். மஞ்சள் தூசி படிந்த மாதிரி மின்னுகிறதா? அப்புறம் நேர் மேலிருந்து உடம்பைப் பாருங்கள், வயிறு ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கிறதா, செதில் தூக்கி நிற்கிறதா? கண் பிதுங்கியிருக்கிறதா? வாயோரம் வெள்ளைப் படலம் உண்டா? இவ்வளவையும் பார்த்துச் சொன்னால் பாதி வைத்தியம் முடிந்தது.

தொண்டி_செவ்வரி:
எதற்கு இவ்வளவு சுற்றல்? ஒரு பிடி கல்லுப்பைப் போடுங்கள், சரியாகிவிடும். எங்கள் வீட்டில் எல்லா மீனுக்கும் அதுதான்.

மண்டபம்_கரைவலை:
உப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். நாலு லிட்டர் கிண்ணம், ஃபில்டர் இல்லை, வாரம் ஒரு முறைதான் மாற்றம் என்றதுமே எனக்கு அமோனியாதான் ஞாபகம் வந்தது. மீன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியே விடுகிறது, துப்பிய தீவனமும் அடியில் கிடந்து அழுகி அதைக் கூட்டுகிறது. ஃபில்டரில் குடியேறும் நல்ல பாக்டீரியாதான் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும், கிண்ணத்தில் அதற்குப் போதிய இடமே இல்லை.

இதில் நம் ஊர்த் தண்ணீருக்கென்று ஒரு கெடுதல் உண்டு. தண்ணீரில் இருக்கும் அமோனியா முழுவதும் விஷமில்லை. பிஎச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மை, 7 அளவில் இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, அதே அமோனியா பிஎச் 8 ஆனால் ஐந்தாறு பங்கு விஷமாகிவிடும், கிட்டத்தட்டப் பத்து மடங்கு. வெயில் கூடினால் இன்னும் ஏறும். போர் தண்ணீர் பெரும்பாலும் 8-ஐ ஒட்டித்தான் இருக்கும். மென்மையான தண்ணீர் கிடைக்கிற ஊரில் ஒருவர் கிண்ணத்தில் வைத்துச் சமாளித்துவிடுவார், இங்கே அதே கிண்ணம் மீனை எரிக்கும். வாலில் சிவப்புக் கோடு என்றீர்களே, அது அமோனியா எரிச்சலாகவும் இருக்கலாம், அழுகல் உள்ளே ஏறுவதாகவும் இருக்கலாம். சோதனைப் பட்டை வாங்கி அமோனியாவையும் பிஎச்சையும் பாருங்கள், அமோனியா சுழியமாகத்தான் இருக்க வேண்டும்.

கீழக்கரை_நீலவால்:
பார்த்துவிட்டேன். போர் தண்ணீர் பாதி, கேன் பாதி கலந்து ஊற்றுவது வழக்கம், சில வாரம் கேன் தீர்ந்துபோனால் போர் மட்டும். பட்டையில் அமோனியா கரும்பச்சைக்குப் போய்விட்டது, பிஎச் 8-க்கு மேல். டார்ச்சில் தூசி எதுவும் மின்னவில்லை. வயிறு சரியாக இருக்கிறது, செதில் படிந்துதான் இருக்கிறது, வாய் சுத்தம். வால் ஓரம் மட்டும் ஒரு நெல்லின் கனத்துக்குக் கறுப்பு, அதற்கு வெளியே வெள்ளையாகத் தொங்கும் பிசிறு, இரண்டு கதிர்களுக்கு இடையில் தோல் கரைந்து வெறும் குச்சி நிற்கிறது. செவுள் கொஞ்சம் சிவப்புதான்.

பாம்பன்_வாடைக்காற்று:
சரி, இது துடுப்பு அழுகல், பின்னணியில் அமோனியா. நன்றாகப் பார்த்துச் சொன்னீர்கள் தம்பி.

மற்றவர்களுக்காகவும் சொல்லிவைக்கிறேன், கிழிந்த வால் எல்லாம் அழுகல் ஆகாது. பிளாஸ்டிக் செடியில் உரசிக் கிழிந்தால் ஒரே கோடாகக் கிழியும், ஓரம் சுத்தமாக இருக்கும், நிறம் மாறாது. சில ஆண் மீன்கள் தன் வாலைத் தானே கடிக்கும், அப்போது அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருக்கும், நேற்றிருந்த வால் இன்று காலையில் இல்லை என்கிற வேகத்தில் நடக்கும். கனமான வாலை இழுக்க முடியாமலும் கடிக்கும், ஃபில்டர் ஓட்டம் வேகமாக இருந்தாலும் கடிக்கும், கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்துச் சீறிச் சீறி ஓய்ந்தும் கடிக்கும். அழுகல் என்றால் ஓரத்திலிருந்து உள்ளே, மெதுவாக, நாளுக்கு நாள் ஏறும், ஓரத்தில் கறுப்போ சிவப்போ வெள்ளையோ இருக்கும். மூன்றுக்கும் நல்ல தண்ணீர் பொது மருந்து, ஆனால் கடிக்கிற மீனுக்கு ஆன்டிபயாடிக் போடுவதில் ஒரு பயனும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: பதினைந்து இருபது லிட்டர் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா, சோப்பு படாதது. மூடி கட்டாயம், இந்த மீன் குதிக்கும், ஆனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விடுங்கள், காற்று விழுங்க அந்த இடம் வேண்டும். தண்ணீர் இனி ஒரே கலவைதான். போர் ஒரு பங்கு, கேன் மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டு ஒரு டிரம்மில் மொத்தமாகக் கலந்துவைத்து அதிலிருந்தே எடுங்கள். கேன் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், அதில் பிஎச்சைப் பிடித்து நிறுத்தக் கார்பனேட் இல்லை, சில நாளில் திடீரென்று சரிந்துவிடும். குழாய்த் தண்ணீர் சேர்த்தால் வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள், அவசரம் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து, அதாவது சோடியம் தயோசல்பேட்.

மீனை ஒரேயடியாகத் தூக்கிப் போடவேண்டாம். பழைய தண்ணீரோடு ஒரு சின்ன டப்பாவில் எடுத்து, புதுத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு சேருங்கள். அமோனியா இந்த அளவு இருக்கும்போது இன்னும் தாமதிக்கவும் கூடாது, இன்றே செய்யுங்கள். அப்புறம் தினமும் மூன்றில் ஒரு பங்கு மாற்றம், அடியில் கிடக்கும் கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். சூடு 26-லிருந்து 28 டிகிரிக்குள் நிலையாக இருக்கட்டும். மழை நாளில் ராத்திரி 24-க்கு இறங்கிப் பகலில் ஏறும் அந்த ஏற்ற இறக்கம்தான் கெடுதல், 25 வாட் ஹீட்டர் ஒன்று இந்த அளவு டப்பாவுக்குப் போதும்.

தொண்டி_செவ்வரி:
அண்ணே, உப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே. கடலே பக்கத்தில் இருக்கிறது, ஒரு செம்பு கடல் தண்ணீர் ஊற்றினால் போதாதா?

பாம்பன்_வாடைக்காற்று:
உப்பு நல்ல மருந்துதான், நான் அதற்கு எதிரி இல்லை. "ஒரு பிடி" என்கிற அளவுக்குத்தான் எதிரி. ஐந்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பு என்றால் லிட்டருக்கு ஒரு கிராமை ஒட்டி வரும், துடுப்பு அழுகலின் தொடக்கத்துக்கு அது போதும். தனியாக ஒரு தம்ளரில் கரைத்து, பாதியை இன்று, மீதியை நாளை. தண்ணீர் மாற்றும்போது எடுத்த தண்ணீருக்கு உரிய உப்பை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும், முழு டப்பாவுக்கும் போட்டால் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும், உப்பு ஆவியாகாது. பத்து நாளைக்கு மேல் நீட்ட வேண்டாம், இது நன்னீர் மீன். கேன் கலக்காமல் வெறும் போர் தண்ணீரில் வைத்திருப்பவர்கள் முதலில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே ஆயிரத்தைத் தாண்டி இருந்தால் நீங்கள் போடாமலே உப்பு இருக்கிறது.

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கணக்குப்படி 35 லிட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் அளவு சரியாக வரும். ஆனால் கரையோரத் தண்ணீரில் சாக்கடையும் டீசலும் மீன் கழிவும் கலந்து கிடக்கிறது, ஏற்கெனவே புண் இருக்கும் மீனுக்கு அதை ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. வாலிநோக்கம் உப்பளம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, கல்லுப்புக்கா பஞ்சம்? அயோடின் உப்பு விஷம் என்று பலரும் எழுதுகிறார்கள், இந்தச் சின்ன அளவுக்கு அயோடினால் மீனுக்குக் கேடு இல்லை. சாயம், மணம், மசாலா கலந்த உப்பு மட்டும் கூடாது.

பரமக்குடி_தறி:
வாதாங்கொட்டை இலையை யாரும் சொல்லவில்லையே! நம் ஊரில் பள்ளிக்கூடம், பள்ளிவாசல், கோயில் வாசல் என்று எங்கே பார்த்தாலும் அந்த மரம்தான். சென்னையில் இதே காய்ந்த இலையைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். தானாக உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்த இலை, மருந்தடிக்காத மரம், தூசி போகக் கழுவி, இருபது லிட்டருக்கு ஒரு பெரிய இலை. இரண்டு மூன்று நாளில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். பச்சை இலை வேண்டாம், அது தண்ணீரில் அழுகிவிடும். எங்கள் வீட்டு ஃபைட்டர் அந்த இலைக்கு அடியில்தான் தூங்கும், வெள்ளையாக நுரைக்கூடு கட்டுவதும் அதன் ஓரத்தில்தான்.

மண்டபம்_கரைவலை:
இலைக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன், இலையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் ஓரளவு அடக்கும், மங்கலான தண்ணீரில் மீன் அமைதியாகவும் இருக்கும். ஆனால் போர் தண்ணீரில் இலை போட்டு பிஎச் குறையும் என்று காத்திருக்காதீர்கள். சுண்ணாம்பு அதிகமுள்ள தண்ணீர் அந்த அமிலத்தை அப்படியே விழுங்கிவிடும், நிறம் மட்டும் மாறும். மென்மையாக்க வேண்டுமானால் கேன் தண்ணீரோ சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீரோ கலப்பதுதான் வழி. முதல் மழையை விட்டுவிட்டு, மொட்டை மாடி கழுவிப்போன பிறகு பிடியுங்கள்.

கீழக்கரை_நீலவால்:
டப்பாவுக்கு மாற்றிவிட்டேன், உப்பும் இலையும் போட்டாயிற்று. அந்த மஞ்சள் கேப்சூல் டாக்ஸிசைக்ளின் என்று அட்டையில் இருக்கிறது. அதையும் சேர்த்துப் போட்டால் வேகமாக ஆறாதா?

பெரியபட்டினம்_முத்து:
போடாதீர்கள் காக்கா. எங்கள் தெருவில் யார் மீனுக்கு எது வந்தாலும் மெடிக்கலில் ஒரு கேப்சூலைப் பிரித்துக் கொட்டுகிறார்கள், தண்ணீர் மஞ்சளாகிறது, மீன் போய்விடுகிறது, பிறகு நோய்தான் கொன்றது என்கிறார்கள்.

பாம்பன்_வாடைக்காற்று:
முத்து சொல்வது சரி, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகள், டாக்ஸிசைக்ளின், ஆக்ஸிடெட்ராசைக்ளின் எல்லாம், தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது மீனுக்குள் போகாது. மனிதர்களுக்கே பாலோடு சேர்த்து டெட்ராசைக்ளின் சாப்பிடாதே என்று டாக்டர் சொல்வது இதனால்தான். நம் கடினத் தண்ணீரில் கேப்சூலைக் கரைத்தால் பெரும்பகுதி வீண், ஆனால் மிச்சமிருக்கும் கொஞ்சம் மருந்து ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவைக் கெடுக்கவும், கெட்ட பாக்டீரியாவுக்கு மருந்தைப் பழக்கிவிடவும் போதும். ஆன்டிபயாடிக் தேவைப்படும் நிலைமை உண்டு, அழுகல் வாலைத் தாண்டி உடம்புச் சதையைத் தொட்டால், உடம்பில் புண் குழிந்தால். அப்போது கால்நடை மருத்துவரிடம் படத்தோடு போய், எது, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று கேட்டுப் போடுங்கள், பாதியில் நிறுத்தாமல் முடியுங்கள்.

நீல மருந்து மெத்திலீன் ப்ளூ. அது பூஞ்சைக்கும், மீன் முட்டை பூசணம் பிடிக்காமல் இருக்கவும், நைட்ரைட் விஷம் ஏறிய மீனுக்கும் நல்ல மருந்து, தனி டப்பாவில் மட்டும். ஃபில்டர் ஓடும் தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியா செத்து அமோனியா மறுபடி ஏறும், தொட்டி ஓரத்து சிலிக்கான் ஆயுசுக்கும் நீலம். உங்கள் மீனுக்கு இப்போது இரண்டும் தேவையில்லை.

ராமேஸ்வரம்_சங்கு:
இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். என் பெண் ஃபைட்டருக்கு வயிற்றுக்கு அடியில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. வெள்ளைப் புள்ளி நோய் என்று நினைத்துக் கடையில் கொடுத்த பச்சை மருந்தை வாங்கிவைத்திருக்கிறேன், இன்னும் ஊற்றவில்லை.

மண்டபம்_கரைவலை:
ஊற்றாதீர்கள்! வயிற்றுத் துடுப்புகளுக்குப் பின்னால், கழிவு வாயை ஒட்டி ஒரே புள்ளி என்றால் அது முட்டையிடும் குழாயின் நுனி. பெண்ணுக்கு அது இருக்கத்தான் வேண்டும். ஆணா பெண்ணா என்று பார்க்க அதுவும் ஒரு அடையாளம்.

உண்மையான வெள்ளைப் புள்ளி உப்புத் தூவினாற்போல் துடுப்பிலும் உடம்பிலும் பரவும், ஒவ்வொன்றும் தனித்தனியாக, ரவையைவிடச் சிறிதாகத் துருத்தி நிற்கும், மீன் கல்லில் போய் உரசும். அது இக்தியோஃப்திரியஸ் என்ற ஒட்டுண்ணி. நீங்கள் பார்க்கும் புள்ளி மீனின் தோலுக்குள் இருக்கிறது, எந்த மருந்தும் அதைத் தொடாது. அது முற்றிக் கீழே விழுந்து, தரையில் ஒட்டிப் பிளந்து, நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் நீந்தி வெளியே வரும், அந்தச் சில மணி நேரம்தான் மருந்துக்கு அகப்படும். அதனால்தான் மருந்து போட்ட மறுநாள் புள்ளி கூடினாற்போல் தெரியும், பயந்து மருந்தை மாற்றக்கூடாது. 24 டிகிரியில் ஒரு வாரம் வரை இழுக்கிற சுற்று 29, 30-இல் மூன்று நாலு நாளில் முடிந்துவிடும், அதனால் சூட்டை ஒரு நாளைக்கு ஓரிரண்டு டிகிரியாக ஏற்றி, கூடவே காற்றுக் குமிழி விடும் கல் போட்டு, ஐந்து லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு வரை படிப்படியாகக் கொண்டுபோவார்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். அந்தப் பச்சை மருந்து மலக்கைட் கிரீனாக இருக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், உணவு மீன் வளர்ப்பில் அதற்குத் தடையே உண்டு.

டார்ச்சில் மின்னும் மஞ்சள் தூசி வெல்வெட் நோய். புள்ளி அதில் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது, மீன் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு மங்கிப்போகும், வேகமாகக் கொல்லும். அந்த ஒட்டுண்ணிக்குப் பச்சையம் உண்டு, வெளிச்சத்தில் பிழைக்கும், ஆகவே தொட்டியைத் துணி போட்டு இருட்டாக்கிவிட்டுத்தான் செம்பு கலந்த மருந்து போட வேண்டும். தொட்டியில் நத்தையோ இறாலோ இருந்தால் முதலில் வெளியே எடுங்கள், செம்பு அவற்றைக் கொன்றுவிடும்.

தொண்டி_செவ்வரி:
வாயில் பஞ்சு மாதிரி வந்தால் அதற்கும் சூடு ஏற்றலாமா?

பாம்பன்_வாடைக்காற்று:
கூடவே கூடாது, நல்ல வேளை கேட்டீர்கள். வாயோரத்திலும் முதுகுத் துடுப்புக்கு அடியிலும் சாம்பல் வெள்ளையாகப் படர்ந்தால் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்கும், நிஜப் பூஞ்சை ஏற்கெனவே புண்ணான இடத்தில் நீள நீளமான இழையாக நிற்கும், மெதுவாக வளரும். காலம்னாரிஸ் தட்டையாகப் படரும், ஓரத்தில் மஞ்சள் சாயல் இருக்கும், ஓரிரு நாளில் முடித்துவிடும். சூட்டில்தான் அதற்கு வெறி, ஆகவே 24 டிகிரி பக்கம் மெதுவாக இறக்க வேண்டும். கடினத் தண்ணீரில் செவுளில் எளிதாக ஒட்டிக்கொள்கிற சாதி அது, அதனாலும் நம் பக்கம் கவனம் தேவை. இந்த ஒன்றுக்கு மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வலைத்துணியை வேறு தொட்டியில் போடாதீர்கள்.

தேவிபட்டினம்_ஓடம்:
என் மீன் வயிறு பெருத்துக் கிடக்கிறது. மேலிருந்து பார்த்தால் செதில் எல்லாம் எழும்பி நிற்கிறது. பட்டினி போடச் சொன்னார்கள், போட்டேன், குறையவில்லை.

பாம்பன்_வாடைக்காற்று:
வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். வயிறு மட்டும் பெருத்துச் செதில் படிந்திருந்தால் மலச்சிக்கல், இரண்டு மூன்று நாள் பட்டினி, பிறகு டாஃப்னியா என்கிற நீர்த்தெள்ளைத் தீவனமாகக் கொடுங்கள், தேவைப்பட்டால் பத்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் பேதி உப்பு. கல்லுப்பு வேறு, பேதி உப்பு வேறு, இந்துப்பும் வேறு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் காற்றடிக்கும்போது கீற்றுக் கூரையின் ஓலை நுனிகள் எழும்பி நிற்குமே, அப்படிச் செதில் நின்றுவிட்டால் அது நீர்க்கோவை, சிறுநீரகம் கெட்டு உடம்பில் தண்ணீர் தேங்கிவிட்டது என்று பொருள். அது தனி நோய்கூட இல்லை, உள்ளே ஏதோ ஒன்று முற்றியதன் கடைசி அடையாளம். பேதி உப்பு வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும், மருத்துவர் ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்து கொடுக்கச் சொல்லலாம், அபூர்வமாகப் பிழைக்கிறது, பெரும்பாலும் பிழைப்பதில்லை. தண்ணீர் மட்டத்தைக் குறைத்துவிடுங்கள், மேலே வந்து காற்று எடுக்க அது சிரமப்படக் கூடாது. சாப்பிடாமல் சாய்ந்து கிடந்து துன்பப்பட்டால் வலியில்லாமல் முடித்துவைக்கும் வழியையும் மருத்துவரிடமே கேளுங்கள், தயவுசெய்து உயிரோடு கழிவறையில் ஊற்றாதீர்கள்.

தேவிபட்டினம்_ஓடம்:
சரி அண்ணே. மட்டத்தைக் குறைத்துவிட்டேன். பக்கத்தில் ஒரு கல்லை வைத்ததும் அதன்மேல் சாய்ந்துகொண்டது.

மண்டபம்_கரைவலை:
இதைப் படிக்கும் எல்லோருக்கும் ஒன்று, நம்மில் பாதிப்பேர் வலையும் முள்ளும் தொடுகிற வீட்டுக்காரர்கள், கையில் வெட்டும் கீறலும் இல்லாத நாள் குறைவு. மீனுக்கு வரும் காசநோய்க் கிருமி ஒன்று, மைக்கோபாக்டீரியம் மரினம், கீறல் வழியாக மனிதத் தோலுக்கும் வரும். மீன் மெலிந்துகொண்டே போகும், முதுகு வளையும், ஆறாத புண் வரும், எந்த மருந்துக்கும் அசையாது. அப்படிப்பட்ட தொட்டியில் வெறுங்கையை விடாதீர்கள். விரலிலோ முழங்கையிலோ சில வாரம் கழித்து ஆறாத முடிச்சு வந்தால் டாக்டரிடம் "மீன் தொட்டி வைத்திருக்கிறேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள், சொன்னால்தான் சரியான சோதனை எடுப்பார்கள். வாயால் குழாயை உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

பெரியபட்டினம்_முத்து:
மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கே கேட்கலாமா?

மண்டபம்_கரைவலை:
1947-இல் தொடங்கிய நிறுவனம், ஆரம்ப காலத்தில் அதன் தலைமையகம் மண்டபத்தில்தான் இருந்தது. ஆனால் அவர்கள் வேலை கடல் மீன், வண்ண மீனிலும் கோமாளி மீன் மாதிரிக் கடல் மீன்களைத்தான் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். ஃபைட்டருக்கு நல்லது கால்நடை மருத்துவமனைதான், போகும்போது தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள்.

கீழக்கரை_நீலவால்:
ஒரு நல்ல செய்தி. அமோனியா சுழியத்துக்கு வந்துவிட்டது. கறுப்பு ஓரம் உதிர்ந்துவிட்டது, அதை ஒட்டிக் கண்ணாடி மாதிரி நிறமே இல்லாத ஒரு மெல்லிய விளிம்பு வளர்கிறது, டார்ச் அடித்தால் மட்டும் தெரிகிறது. இது மறுபடி அழுகலா?

பாம்பன்_வாடைக்காற்று:
அதுதான் புது வால் தம்பி! புதிதாக முளைக்கும் சவ்வு முதலில் அப்படித்தான் இருக்கும், நிறம் பிறகு ஏறும். அழுகல் என்றால் மங்கலாகப் பிசிறடிக்கும், இது நேராகத் தெளிவாக இருக்கும். உப்பை இனி திரும்பச் சேர்க்காமல் தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே வாருங்கள், தானாகக் குறைந்துவிடும். ஒரு வேளைக்கு மூன்று நாலு தீவன உருண்டைக்கு மேல் வேண்டாம். பழைய கிண்ணத்துக்குத் திருப்பி அனுப்பாதீர்கள், இதே டப்பாவில் ஒரு பஞ்சு ஃபில்டர் போட்டுவிடுங்கள், நல்ல பாக்டீரியா முழுதாகக் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதுவரை தண்ணீர் மாற்றம் குறையக் கூடாது. புயல் நேரத்தில் கரண்ட் போனால் ஃபைட்டர் மூச்சுக்குத் தவிக்காது, ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாதான் தவிக்கும், பஞ்சை எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே அவ்வப்போது அலசிக் காற்று படவிடுங்கள்.

ஏர்வாடி_வெண்மணல்:
அண்ணா, நான் இந்த இழையை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன், இப்போது எனக்கும் தேவைப்பட்டுவிட்டது. சாக்கடைப் புழு வாங்கிப் போட்டு வளர்த்த ஃபைட்டர், கூடவே கப்பி மீன்களும் உண்டு. மலம் போகும் இடத்தில் சிவப்பாக நூல் போல இரண்டு மூன்று எட்டிப் பார்க்கிறது, மீன் நகர்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிடித்து இழுத்துவிடலாமா?

பாம்பன்_வாடைக்காற்று:
இழுக்காதீர்கள் அம்மா, குடல் கிழிந்துவிடும். அது கமல்லானஸ் என்ற குடல் புழு, கப்பியில் ரொம்பச் சாதாரணம், உப்பும் இலையும் இதற்கு வேலை செய்யாது. கால்நடை மருந்தகத்தில் லெவாமிசோல் கிடைக்கும், ஆட்டுக்குப் புழு நீக்கக் கொடுப்பது. லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் வரும்படி மருத்துவரிடமே கணக்குப் போட்டு வாங்குங்கள், திரவ மருந்தில் ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு செறிவு. தொட்டியில் எல்லா மீனுக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும், ஒரு நாள் இருட்டில் வைத்து, மறுநாள் அடியை நன்றாக உறிஞ்சிப் பெரும்பகுதித் தண்ணீரை மாற்றுங்கள். அந்த மருந்து புழுவைச் செயலிழக்க வைத்து வெளியே தள்ளும், உறிஞ்சி எடுக்காவிட்டால் மீன் மறுபடி தின்றுவிடும். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. சாக்கடைப் புழுவை நிறுத்திவிட்டு ஆர்டீமியா என்கிற பொடி இறால் கொடுங்கள், உப்புத் தண்ணீரில் வளர்வது என்பதால் நன்னீர் ஒட்டுண்ணி அதில் வராது.

ஏர்வாடி_வெண்மணல்:
நாளைக் காலையிலேயே கால்நடை மருந்தகத்துக்குப் போகிறேன். தொட்டி நீளம் இரண்டடி, அகலம் ஒன்று, தண்ணீர் ஓரடி உயரம். லிட்டர் எவ்வளவு வரும்?

மண்டபம்_கரைவலை:
ஒரு கன அடிக்கு 28 லிட்டர், இரண்டு கன அடிக்கு 56. அடியில் கல்லும் மணலும் இருந்தால் அதற்குக் கழித்து 50 என்று சொல்லுங்கள்.